ஆடிக்கு எடுத்துக்கலாம்

புதுக்கோட்டையில் நான் எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டராக வேலை பார்த்த அச்சாபீசில், செய்த வேலைக்கு இரண்டு விதமான கூலி உண்டு. பகல் பொழுதில் செய்த வேலைக்குச் சம்பளம். விளக்கு வைத்த பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் செய்த வேலைக்கு ஆடி மாதம். முதலாளி இரண்டாவது வகைக்குக் காசு கொடுத்ததே இல்லை. "அதெல்லாம் எங்கிட்ட பத்திரமா இருக்குப்பா. ஆடிக்கு எடுத்துக்கலாம்" என்பார். அதாவது, மிகையாகச் செய்த வேலையை அவர் லீவாகச் சேர்த்துவைத்து, ஆடி பிறந்ததும் மொத்தமாகக் கொடுப்பார்.

வெளியாள் கேட்டால் பெரிய தர்மவானாகத் தெரியும். மாதம் முழுக்க வீட்டில் உட்கார வைத்துச் சம்பளமும் போடுகிறாரே என்று வாயைப் பிளப்பான். எங்கள் அச்சாபீசுக்குக் கல்யாணப் பத்திரிகைதான் சோறு போட்டது. தை, மாசி, வைகாசி, ஆனி, ஆவணி என்று முகூர்த்த மாதங்களில் மூச்சுவிட நேரம் இருக்காது. ஆடியில் எவனும் பத்திரிகை அடிக்க மாட்டான். அச்சடிப்பது இருக்கட்டும், கல்யாணம் என்ற சொல்லையே வாயில் எடுக்க மாட்டான். அந்த மாதத்தில் நாங்கள் வந்தாலும் ஈ ஓட்ட வேண்டியதுதான். வேலையே இல்லாத மாதத்தில் வேலைக்கு வராதே என்று சொல்வதற்குப் பெயர் லீவு! அதை நான் தையிலும் வைகாசியிலும் கண் எரிய எழுத்துக் கோத்துச் சம்பாதித்திருக்க வேண்டும்.

இதைத் தட்டிக் கேட்ட ஒரே ஆள், அச்சு மிஷினைக் காலால் மிதித்து ஓட்டும் எங்கள் மிஷின்காரர். திருச்சியிலிருந்து வந்தவர், வாய் கொஞ்சம் நீளம். அப்போது எங்கள் ஊர் ராஜா ஆண்ட சமஸ்தானம். திருச்சியோ வெள்ளைக்காரன் ஜில்லா. ஒரு வைகாசி ஞாயிற்றுக்கிழமை, மிதித்த காலை மிஷினிலிருந்து எடுக்காமலே அவர் கேட்டார்: "ஏங்க, திருச்சியில மில்லுல எல்லாம் மேக்கொண்டு வேலை பாத்தா ஓவர்டைம்னு தனியாக் காசு கொடுக்கிறாங்க. சட்டமே இருக்காம். எனக்கும் அப்படிக் காசாக் கொடுத்துடுங்களேன். லீவு வேணாம்."

முதலாளி கோபிக்கவில்லை. அவர் யாரையும் கோபித்து நான் பார்த்ததில்லை. நெற்றி நிறையத் திருநீறு, வாய் நிறையச் சிரிப்பு. "அந்தச் சட்டம் நம்ம எல்லைக்கு அங்கிட்டே நின்னுடுச்சு தம்பி. அதை விடு. காசாக் கொடுத்தா என்ன பண்ணுவ? செலவழிச்சிருவ. லீவு எங்கயாச்சும் கரையுமா? அப்படியே இருக்கும்ல?" என்றார். மிஷின்காரர் மறுபடி மிதிக்கத் தொடங்கினார். கோபித்துக்கொள்ளும் முதலாளியிடம் நாமும் கோபித்துக்கொள்ளலாம். சிரிக்கிறவரை என்ன செய்வது?

அந்த மிஷின்காரருக்கு அதே வைகாசியில்தான் கல்யாணம் ஆகியிருந்தது. முகூர்த்த மாதம் என்பதால் தாலி கட்டிய மறுநாளே ஓடிவந்தார். பாக்கி நாளெல்லாம் ஆடிக்கு. ஆடி பிறந்தது. மனிதர் வேட்டியை வெளுத்துக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனால், மாமியார் வந்து பெண்ணைப் பிறந்த வீட்டுக்குக் கூட்டிப் போயிருந்தாள். புதுப்பெண்ணை ஆடியில் புருஷனோடு விடக்கூடாது என்பது வழக்கமாயிற்றே. நான்காம் நாளே ஆபீசுக்குத் திரும்பி வந்து, "பூட்டைத் திறங்க, எழுத்தையாவது தொடைக்கிறேன்" என்று நின்றார். நாங்கள் சிரித்துச் சிரித்து ஓய்ந்தோம். சிரித்தவர்களில் நானும் ஒருவன், எனக்கு என்ன வரப்போகிறது என்று தெரியாமல்.

என் வீடு கறம்பக்குடிப் பக்கம் ஒரு கிராமம். அப்பா இல்லை. ஆத்தாவும் தங்கச்சியும் மட்டும். வீட்டுக்கு ஆம்பளை என்றால் நான்தான், அந்த ஆம்பளை வருஷம் முழுக்கப் புதுக்கோட்டையில் இருந்தான். தங்கச்சிக்கு நாக்கில் எப்போதும் ஒரு குத்தல் இருக்கும். "ஆடிக்கொரு தரம் அமாவாசைக்கொரு தரம்னு சொல்லுவாங்க. எங்கண்ணனுக்கு அமாவாசையும் கெடையாது" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள். நான் லீவில் போய் உட்கார்ந்தால் ஆத்தாவின் புலம்பல் வேறு. "ஆடிப் பட்டம் தேடி விதைன்னாங்க. வெதைக்க நமக்கு நெலம் இருக்கா? மாப்பிள்ளை தேடலாம்னா ஆடியில எவன் வாசல்ல போயி நிக்கிறது? இந்த லீவை வச்சு நாக்கு வழிக்கவா?" ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை நான் பள்ளிக்கூடத்தில் படித்தேன். அர்த்தம் புரிந்தது அச்சாபீசில்தான்.

தங்கச்சி வயதுப் பெண்கள் எல்லாம் இடுப்பில் பிள்ளையோடு ஊருக்கு வந்து போக ஆரம்பித்துவிட்டார்கள். போன தையில் ஒரு இடம் வந்தது. நான் போய்ப் பேச நாள் கிடைக்காமல் நழுவிற்று. தங்கச்சி அதற்கும் ஏதோ கேலி சொன்னாள். ஆனால் அதற்குப் பிறகு புதுச் சேலை வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்ல ஆரம்பித்திருந்தாள்.

இந்த நிலையில்தான் ஆனி மாதக் கடைசியில் அரிமளத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பையனுக்கு ரங்கூனில் ஒரு கடையில் வேலை. மூன்று வருஷத் தவணை முடிந்து ஊருக்கு வந்திருந்தான். ஆவணியில் கல்யாணத்தை முடித்துக்கொண்டு கப்பல் ஏற வேண்டும். தங்கச்சியை வந்து பார்த்தார்கள், பிடித்துவிட்டது. தரகர் என்னைப் பற்றி, டவுனில் பெரிய உத்தியோகம் என்று அளந்துவிட்டிருந்தார். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய்யலாம் என்றால் இதுவும் அதில் ஒன்று. பையனைப் பற்றி நல்ல வார்த்தைதான் எல்லோரும் சொன்னார்கள். ஆத்தா ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினாள்: ஆடி பிறப்பதற்குள் நீ அரிமளம் போய்க் கை நனைத்துவிட்டு வர வேண்டும்.

கை நனைப்பது என்றால், மாப்பிள்ளை வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவது. பெண் வீட்டார் போய், எல்லாம் பிடித்திருந்தால் அந்த வீட்டு இலையில் சாப்பிட வேண்டும். சாப்பிட்டால் சம்மதம். சாப்பிடாமல் எழுந்து வந்தால் வேண்டாம் என்று அர்த்தம். வாயால் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. அப்பா இல்லாத வீட்டில் அண்ணன்தான் அந்த இலையில் உட்கார வேண்டும். ஆடிக்கு முன்னால் எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொருந்திய நல்ல நாள் என்று ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அதுவும் காலை நேரம்.

என்னிடம் ஒரு வருஷத்து லீவு சேர்ந்து கிடந்தது. அதில் ஒரே ஒரு நாளைக் கேட்கப் போனேன்.

கேட்டது எப்பேர்ப்பட்ட நேரம் என்பதையும் சொல்ல வேண்டும். ஆவணிக் கல்யாணத்துக்கு ஆடியில் பத்திரிகை அடிக்க முடியாது அல்லவா? அதனால் ஆவணிக்காரர்கள் அத்தனை பேரும் ஆனிக் கடைசியிலேயே அச்சாபீசில் வந்து விழுவார்கள். பெட்டியில் 'சௌ' எழுத்துத் தீர்ந்து, ஒரு வீட்டுப் பத்திரிகையைப் பிரித்துப் போட்டால்தான் அடுத்த வீட்டுச் சௌபாக்கியவதிக்கு எழுத்துக் கிடைக்கும். போதாதற்கு, என்னோடு இருந்த இன்னொரு கம்பாசிட்டருக்கு அம்மை போட்டிருந்தது. ஊரெல்லாம் ஆடிக்கு முன்னால் சம்பந்தம் பேசி முடிக்க ஓடிய அதே நாட்களில்தான், அந்த ஊரின் பத்திரிகையை ஆடிக்கு முன்னால் அடித்துக் கொடுக்க நான் நின்றாக வேண்டியிருந்தது. இதை யார் மேல் குற்றம் சொல்வது? பஞ்சாங்கத்தின் மேலா?

"தங்கச்சி விஷயங்க. அரிமளம் வரைக்கும் போயிட்டு வரணும். ஒரு நாள் மட்டும் போதும். சேந்திருக்கிறதுல கழிச்சுக்கங்க" என்றேன்.

முதலாளி உண்மையிலேயே வருத்தப்பட்டார். "அடடா, நல்ல காரியமாச்சே. சாயங்காலமாப் போயிட்டு வாயேன்."

"நல்ல நேரம் காலையிலதாங்க. சாயங்காலம் போனாத் திரும்பப் பஸ்ஸும் கெடையாது."

"இப்ப இருக்கிற நெலமை ஒனக்கே தெரியும். ஒன்னைய விட்டா எழுத்துக் கோக்க ஆளு எங்க? ஒன் லீவு எங்க போயிடப் போகுது? நாலு நாள் பொறு. ஆடி பொறந்ததும் மாசம் பூரா எடுத்துக்க. நான் ஏதாச்சும் சொன்னேனா?"

"ஆடியில நல்ல காரியம் பேச முடியாதுங்களே."

"அதுக்கு நான் என்னப்பா பண்ணுவேன்?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. பிறகு அதே சிரிப்போடு, "போறதுன்னா தாராளமாப் போ. கட்டியா வைக்க முடியும்? ஆனா திரும்பி இங்கிட்டு வந்து நிக்காத. வேற ஆளை வச்சு எப்படியாச்சும் ஓட்டிக்கிறேன்" என்றார்.

எழுத்துப் பெட்டிக்கு முன்னால் வந்து நின்றேன்.  அந்தப் பெட்டியைத் தூக்கி அவர் காலடியில் கொட்டிவிட்டுப் போயிருக்கலாம். போனால்? வேலை போன அண்ணன் என்று தெரிந்தால் அரிமளத்தில் இலை போடுவார்களா? வேலையில் இருந்தால் போக முடியாது, போனால் வேலை இருக்காது, இரண்டில் எதைச் செய்தாலும் சம்பந்தம் ஆட்டம் காணும். நானும் எப்படியெல்லாமோ திருப்பிப் பார்த்தேன். வழி ஒன்றும் தெரியவில்லை. கடைசியில், எங்கள் ஒன்றுவிட்ட சித்தப்பாவை எனக்குப் பதிலாக அனுப்பும்படி ஆத்தாவுக்குச் சொல்லி அனுப்பினேன். ஆத்தா போக முடியாது. தாலி அறுத்தவள் நல்ல காரியத்தில் முன்னால் நிற்கக் கூடாது என்று ஒரு வழக்கம், அதையும் சேர்த்துத் திட்டிக்கொண்டேன்.

அந்த நல்ல நாள் போயிற்று. ஊரிலிருந்து சேதி வரவில்லை. வந்து சொல்ல யாருக்கும் அவசரம் இல்லை, எனக்கும் வெளியே தலைகாட்ட நேரம் இல்லை. நல்லபடியாகத்தான் முடிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே வேலை பார்த்தேன். அடுத்தவன் வீட்டுச் சிரஞ்சீவிகளைக் கோக்கும்போதெல்லாம், எங்கள் வீட்டுப் பத்திரிகைக்கு எந்த எழுத்தைப் போடலாம் என்று மனசுக்குள் பார்த்துவைத்தேன்.

இரண்டு நாள் கழித்து, நடுப்பகலில், வெள்ளை வேட்டியும் துண்டுமாக ஒரு பெரியவர் வந்தார். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய காகிதத்தை முதலாளியிடம் கொடுத்தார். அரிமளத்திலிருந்து வருவதாகச் சொன்னார். பையனுக்கு ரங்கூனில் வேலை, ஆவணி முதல் முகூர்த்தம், உடனே கப்பல் ஏறணும் என்றார். நான் அவரை முன்பின் பார்த்ததில்லை. பெண் பார்க்க அவர் எங்கள் வீட்டுக்கு வந்த அன்றும் நான் இங்கேதானே இருந்தேன்! எனக்கு ஒரு கணம் சந்தோஷம் பொங்கிற்று. என் தங்கச்சிக்குத்தான் பத்திரிகை அடிக்க வந்திருக்கிறார், என்னிடம் கேட்காமலே வந்துவிட்டாரே என்றுகூட நினைத்தேன். அசட்டுத்தனம்தான். ஆனால் நினைத்தேன்.

"பொண்ணு எந்த ஊருங்க?" என்று முதலாளி கேட்டார்.

"கந்தர்வகோட்டைப் பக்கம். நேத்துத்தான் முடிஞ்சுது, வெத்தலை பாக்கு மாத்தியாச்சு. மொதல்ல கறம்பக்குடிப் பக்கம் ஒரு எடம் பாத்தோங்க. நல்ல பொண்ணு, எங்களுக்குப் புடிச்சுத்தான் இருந்துச்சு. ஆனா கை நனைக்க வரச் சொன்னா, அண்ணங்காரன் வரவே இல்லை. வயசான ஒருத்தரை அனுப்பிச்சாங்க. அவரும் எலை போட்டு வச்ச சோத்துல கை வைக்கலை. மோரை மட்டும் வாங்கிக் குடிச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. என்ன அர்த்தம்? அவங்களுக்கு இஷ்டமில்லை, சொல்லக் கூச்சப்பட்டாங்கன்னு விட்டுட்டோம்."

"நல்ல வேலை செஞ்சீங்க" என்றார் முதலாளி. "கூடப் பொறந்த தங்கச்சிக்காக ஒரு நாள் வேலையை விட்டுட்டு வர முடியாதவன் என்னங்க அண்ணன்?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. குத்திக் காட்டவும் இல்லை. குத்திக் காட்டியிருந்தால்கூடத் தேவலை என்று பிறகு எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். நான் எந்த ஊருக்கு, எதற்காக லீவு கேட்டேன் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

மிஷின்காரருக்கு மறக்கவில்லை. மிதிப்பதை நிறுத்திவிட்டு என் பக்கத்தில் வந்தார். "சொல்லுய்யா. நான்தான் அந்த அண்ணன்னு சொல்லு. இல்லாட்டி நான் சொல்றேன்" என்றார். அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். சொல்லி? வெற்றிலை பாக்கு மாற்றியாகிவிட்டது. கந்தர்வகோட்டைப் பக்கம் ஒரு வீட்டில் இந்நேரம் ஒரு பெண்ணுக்குப் பூ வைத்துச் சந்தோஷமாக இருப்பார்கள். அவளுக்கும் ஒரு அண்ணன் இருப்பான், அவன் ஒரு நாள் லீவு கிடைத்து வந்து சாப்பிட்டிருக்கிறான். நான் வாயைத் திறந்தால் அந்தப் பெண்ணின் தலையில் மண் விழும். என் தங்கச்சிக்கும் ஒன்றும் திரும்பி வராது.

பெரியவர் போகும்போது எங்களைப் பார்த்து, "நல்லாப் பண்ணிக் கொடுங்க தம்பி" என்றார். நல்ல மனிதர். அந்த வீட்டில் தங்கச்சி நன்றாக இருந்திருப்பாள் என்று தோன்றிற்று. அந்த நினைப்புத்தான் என்னைக் கொன்றது.

முதலாளி மஞ்சள் காகிதத்தை என் பெட்டியின் மேல் வைத்தார். "வெளியூர்க்காரரு, காத்திருக்க மாட்டாரு. பொழுது சாஞ்சாலும் பரவாயில்லை, இன்னைக்கே கோத்து ப்ரூஃப் எடுத்துடு. ஆடிக்கு எடுத்துக்கலாம்."

கோத்தேன். வேறென்ன செய்வது? கை பாட்டுக்கு எழுத்துகளை எடுத்தது. ப்ரூஃபில் ஒரு பிழைகூட இல்லை என்று முதலாளி பாராட்டினார்.

ஆடி பிறந்தது. சொன்ன சொல் தவறாமல் மாதம் முழுவதும் லீவு கொடுத்தார். கையில் துணி மூட்டையோடு கறம்பக்குடி பஸ்ஸில் ஏறினேன். வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்றே யோசித்துக்கொண்டு போனேன். அரிமளத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு யாரும் வந்து மறுக்கவில்லை. அவர்களைப் பொறுத்தவரை மறுத்தது நாங்கள். ஆகவே, எங்கள் வீட்டில் எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

சித்தப்பா வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார். பெருமை தாங்கவில்லை அவருக்கு. "எலையில என்னென்ன வச்சாங்கங்கிறே! பாயாசம், அப்பளம்... ஒரு பருக்கை தொடலையே நான்! பொண்ணுக்கு அண்ணன் குத்துக்கல்லாட்டம் இருக்கிறப்ப நான் கை நனைச்சா மொறையா? நீ வந்து சாப்பிட்டாத்தான் ஒனக்கு மரியாதை. மோரு குடிச்சதே சம்மதம்னு அவங்களுக்குத் தெரியாதான்னு எந்திரிச்சுட்டேன்" என்றார். எனக்கு மரியாதை செய்வதற்காக அவர் பசியோடு திரும்பி நடந்திருக்கிறார். அவரிடம் நான் என்ன கோபித்துக்கொள்வது? "சரி சித்தப்பா" என்றேன்.

உள்ளே ஆத்தா முகம் மலர்ந்திருந்தது. மாசம் முழுக்க லீவு என்றதும் தங்கச்சி கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்தாள். ஊரில் யாரோ கொடுத்த புதுச் சேலையைக் கட்டியிருந்தாள். "இம்புட்டு நாளா? பாத்தியா ஆத்தா, அண்ணனோட மொதலாளிய நம்ம சும்மா வைதோம். ஆவணியில கல்யாணம்னு தெரிஞ்சுதான் வேலையெல்லாம் பாக்கட்டும்னு விட்டிருக்காரு. நல்ல மனுசன்" என்றாள்.

ஆத்தா தண்ணீர் எடுக்கப் போன பிறகு, நான் அவளிடம் சொன்னேன். மாற்றிப் பேச எனக்கு வரவில்லை. சித்தப்பா சாப்பிடாமல் வந்தது, பெரியவர் அச்சாபீசுக்கு வந்தது என்று எல்லாவற்றையும் சொன்னேன், அண்ணனைப் பற்றி முதலாளி சொன்னதை மட்டும் விட்டுவிட்டு. ஏதாவது குத்தலாகச் சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ முறத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, அரிசியில் கல் பார்க்கத் தொடங்கினாள். வெகு நேரம் கல் பார்த்தாள்.

"அந்தப் பத்திரிகையை நீதான் கோத்தியாண்ணே?"

"ஆமா."

"பொண்ணு பேரு என்ன?"

சொன்னேன். அவள் அதை ஒரு முறை மெல்லத் தனக்குள் சொல்லிப் பார்த்தாள்.

"நல்ல பேரு" என்றாள்.

பிறகு எழுந்து உள்ளே போய், புதுச் சேலையை மாற்றிக்கொண்டு வந்து, எனக்குச் சோறு போட்டாள். அன்று ஆடி இரண்டாம் தேதி. அந்த வீட்டில் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, எனக்கு இன்னும் மாதம் முழுக்க லீவு இருந்தது.